இடப்பக்கம் சாயும் தையல்

ஒட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சந்தேகம் சற்றுப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மழை வரும்போல இருந்ததால் மொட்டைமாடிக்கு ஓடி, கொடியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டிருந்தாள். கணவரின் வேலைத் துணிகளை அவள் தொடுவதே இல்லை. "அந்த கிரீஸ் நாத்தத்த நான் துவைக்க மாட்டேன்" என்று என்றைக்கோ சொல்லிவிட்டதால், அவரே துவைத்து, அவரே காயப்போட்டு, அவரே மடித்து வைத்துக்கொள்வார். அன்றைக்கு வானம் அவசரப்படுத்தியதால் லிப்ட் கம்பெனி கொடுத்த அந்த நீலக் கால்சட்டையும் அவள் கைக்கு வந்தது. இடது முழங்காலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள். ஒட்டுப் போட்டிருந்தது.

ஒட்டு என்று சொல்வதுகூட அதற்குச் செய்யும் மரியாதைதான். சுவரொட்டி ஒட்டுகிறவன்கூட நாலு மூலையையும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் அடுத்த சுவருக்குப் போவான். இது யாரோ கண்ணை மூடிக்கொண்டு துணியை எறிந்து, விழுந்த இடத்தில் தைத்ததுபோல் இருந்தது. மூலைகளை வட்டமாக உருட்டி வெட்டாமல் கூராக விட்டிருந்தார்கள்; கூர் மூலை முதல் துவையலிலேயே தலை தூக்கும். நைந்துபோன இடத்தைத் தாண்டி நல்ல துணி வரைக்கும் ஒட்டு போய்ச் சேரவில்லை; பாலம் கட்டி ஆற்றுக்கு நடுவில் நிறுத்தியதுபோல். முடிச்சு வெளிப்பக்கம், ஊரே பார்க்கும்படி, மிளகு அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"அடக் கண்ணராவியே" என்று வாய்விட்டுச் சொன்னாள். யார் தைத்தது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

அவள் தைக்கவில்லை. அவள் வீட்டில் ஊசியே கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் தையல் அறையில் பகல் முழுக்க ஊரார் கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிறவள் அவள். படுக்கை விரிப்பு, நோயாளிகள் அங்கி, டாக்டர் கோட்டு, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி என்று எது கிழிந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். "வீட்டுக்குள்ள ஊசி நுழையக் கூடாது, நுழைஞ்சா நான் வெளிய போயிடுவேன்" என்பது அவள் போட்ட சட்டம். பொத்தான் அறுந்தால் பொத்தான் இல்லாமல் போகவேண்டியதுதான். மகள் இங்கே இருந்தவரைக்கும் பள்ளிச் சட்டையைப் பின் குத்திக்கொண்டுதான் போனாள்.

மழைத் துளி ஒன்று கழுத்தில் விழுந்தது. அவள் நகரவில்லை. தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வலது கைக்காரி விளிம்புத் தையல் போட்டால் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் போவாள். தையல்கள் ஒரு பக்கமாகச் சாயும். இதில் முடிச்சு இடது மூலையில் இருந்தது. தையல்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தன. எதிர்க்காற்றில் நிற்கும் புல் மாதிரி அத்தனையும், ஒன்று விடாமல்.

இடது கை.

பச்சைத் துணியையும் அவளுக்குத் தெரியும். தியேட்டர் துணி. எத்தனையோ தடவை கொதிநீரில் வெந்து நிறம் செத்த, அவள் தையல் அறையில் கழித்துப்போட்ட துணி மூட்டைக்குள் மட்டுமே கிடைக்கிற பச்சை.

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

கணவர் கொஞ்ச நாளைக்கு முன்தான் ஒரு செய்தி சொல்லியிருந்தார். கம்பெனி வேறு ஊரில் கிளை திறக்கிறது, அங்கே போய் இருக்கச் சொல்கிறார்கள், இந்த வாரக் கடைசியில் பதில் சொல்லவேண்டும். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க மட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் இங்க வேலை இருக்கே."

"அந்த ஊர்ல லிப்ட்டெல்லாம் இருக்கா, இல்ல இன்னும் ஏணியிலதான் ஏறிக்கிட்டு இருக்காங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கேள்வி அதோடு முடிந்ததில் ஒரு நிம்மதி மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நிம்மதியை அன்றைக்கு அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவரால் தனியாக ஒரு வாரம் இருக்க முடியுமா, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இப்போது, மழையில் நனைந்தபடி, அந்த நிம்மதி திரும்ப வந்து தோளைத் தட்டியது. தனியாகப் போகிறவனின் நிம்மதியா அது? துணை கிடைத்தவனுடையதா?

*

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகு திரும்பினால் கத்தரி. அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான். கத்தரி என்றால் வெட்டும். குண்டூசி என்று பெயர் வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

அவள் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. கணவரைக்கூட 'வாங்க', 'போங்க'தான். ஆனால் அந்த 'ங்க'வைப் பட்டுத் துணியில் சுற்றிய கல்லைப்போல் எறியத் தெரிந்தவள். "நல்லா இருக்குங்க உங்க யோசனை" என்று அவள் சொன்னால், கேட்டவர் அன்றைக்கு முழுவதும் வேறு எதையும் யோசிக்கத் துணிய மாட்டார். மகள் கல்யாணமாகிப் போனபிறகு போன் செய்வாள். அப்பாவின் எண்ணுக்குத்தான் செய்வாள். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். கத்தரி அதையும் இளக்காரமாகவே எடுத்துக்கொண்டாள்: அப்பனும் மகளும், முதுகெலும்பு இல்லாத ரெண்டு ஜீவன்கள், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கட்டும்.

மறுநாள் அந்தக் கால்சட்டையைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தையல் அறை தரைக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. கூரை ஓரமாக நீராவிக் குழாய் ஓடி, அவ்வப்போது வயிற்று வலிக்காரன்போல் முனகும். நீள மேசை, அதன்மேல் தாழத் தொங்கும் விளக்கு, மூன்று நாற்காலி, சுவரோரம் மூட்டைகள். இனித் தைத்துப் பயனில்லை என்று தள்ளிய துணிகளை அந்த மூட்டைகளில் வயதுவாரியாகக் கட்டி வைப்பார்கள். பழைய விரிப்புக்கு அதே அளவு பழசான துணியில்தான் ஒட்டு வெட்டவேண்டும். புதுத்துணியை வைத்தால் முதல் சலவையில் அது சுருங்கி, சுற்றியிருக்கும் நைந்த துணியையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். இது அந்த அறையின் பாலபாடம். வேலைக்கு வந்த புதிதில் புதுசுக்கு இதை மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது என்பதைக் கத்தரி இன்னும் மன்னிக்கவில்லை.

புதுசு என்பது புதிதாகச் சேர்ந்தவளின் பெயர். இப்போது பழகிவிட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தைக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள். இடது கைக்காரி. எதிரே உட்கார்ந்து அவள் தைப்பதைப் பார்க்கும்போது கத்தரிக்குக் கண்ணாடியில் தெரியும் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் தலை சுற்றும். ஆனால் வேலை சுத்தம். அதுதான் கத்தரிக்கு ஆகவில்லை. குறை சொல்லத் தோதில்லாத ஆட்களோடு என்ன பேசுவது என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

மூன்றாவது ஆள் இஸ்திரி போடுகிறவள். வானொலி என்று அழைப்பார்கள். சுவிட்ச் போடாமலே பாடும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் நேத்து வந்திருந்தாரே, பாக்கலியா?" என்று ஆரம்பித்தாள் வானொலி. "ரெண்டாவது லிப்ட் மறுபடி படுத்துக்கிச்சாம்."

"லிப்ட் பாக்க வந்தவரு லிப்ட்ட பாத்துட்டுப் போகட்டும். நான் என்ன நட்டா போல்ட்டா?"

"லிப்ட்ட மட்டுமா பாத்தாரு..." வானொலி இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். "மத்தியானம் அந்தப் பின்னாடி படிக்கட்டுல நம்ம புதுசு கூட உக்காந்து என்னமோ பேசிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு பேரும் தலையும் தலையும் இடிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டு. போன வாரமும் பாத்தேன். நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. கண்ணுல பட்டுது, சொன்னேன்."

"உன் கண்ணுல படறது இந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில கூட விழாதே."

பதில் வழக்கம்போல் கூராகத்தான் வந்தது. ஆனால் கை ஊசியில் நூல் கோக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, நூல் முனை ஊசிக்காதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இந்த ஊசிக்கும் நம்மைப் பார்த்து இளக்காரம் வந்துவிட்டதா என்று தோன்றியது.

அவளுக்குள் கொதித்தது பொறாமை என்று சொல்லிவிடலாம், சொல்வதற்கு எளிது. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தபோது அங்கே பொறாமை ஒரு ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. நடு அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது அவமானம். அதுவும் எந்த அவமானம்? ஒரு ஒட்டுப் போடுகிறவளின் புருஷன், வேறொருத்தி போட்ட மட்டமான ஒட்டோடு ஊரைச் சுற்றி வந்திருக்கிறான். துரோகம் செய்கிறவன் கொஞ்சம் தரமாகச் செய்யக் கூடாதா? அந்தக் கூர் மூலைகளை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் வானொலி சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து கால்சட்டையை எடுத்து, புதுசின் முன்னால் மேசையில் வீசினாள். ஒட்டு விளக்குக்கு நேர்கீழே விழுந்தது.

"இது யாரு தைச்சது?"

புதுசு கால்சட்டையை இழுத்துப் பார்த்தாள். விரலால் மூலையைத் தட்டினாள். முகத்தில் ஏதோ சந்தோஷம் போலத் தெரிந்தது.

"சிரிக்காத. எனக்கு எல்லாம் தெரியும். இடது கைத் தையல். நம்ம மூட்டைத் துணி. பின்னாடி படிக்கட்டு. இன்னும் என்ன வேணும்? வாயில விரல வெச்சா கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு..."

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

"என் புருஷன் துணிக்கு நீ எதுக்கு ஒட்டுப் போட்ட?"

புதுசு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் சிவந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவளின் சிவப்பா என்று கத்தரி உற்றுப் பார்த்தாள். இல்லை, அது வேறு சிவப்பு.

"நானா? இதையா?" ஒட்டை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினாள். "அக்கா, என்ன வேணா சொல்லுங்க. நடத்த சரியில்லாதவன்னு சொல்லுங்க. மேல போய்ச் சொல்லி வேலைய விட்டு அனுப்புங்க. ஆனா இத நான் தைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த மூலையப் பாருங்க! இந்த முடிச்சப் பாருங்க! நான் தைச்சா இப்படியா இருக்கும்?"

வேறு எந்த மனைவியும் இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டாள். கத்தரி ஏற்றுக்கொண்டாள். அந்த நொடியே, சந்தேகத்துக்கு இடமில்லாமல். ஆயிரம் சத்தியம் பண்ணியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் ஒட்டுப் போடுகிற எவளும், கழுத்தில் கத்தி வைத்தாலும், ஆசைக்காக என்றாலும், இப்படி ஒரு மூலையை வெட்ட மாட்டாள். காதலில் கண் தெரியாது என்பார்கள். கைக்குமா தெரியாமல் போகும்?

"அப்போ யாரு?" குரல் இறங்கிவிட்டது.

"அண்ணன்தான். வேற யாரு?"

"எந்த அண்ணன்?"

"லிப்ட் அண்ணன். உங்க வீட்டுக்காரர். அவரே தைச்சது." புதுசு இப்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "லிப்ட் பாக்க வந்தப்ப கேட்டாரு. எனக்கு ஒட்டுப் போடக் கத்துக் குடும்மா, தனியா இருக்கப் போறேன்னு. மூட்டையில கழிச்ச துணி ரெண்டு குடுத்தேன். படிக்கட்டுல பக்கத்துல உக்காந்து நான் போடறத பாத்து அப்படியே போடுவாரு. நான் இடது கையில இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போவேனா, அவரும் வலது கைய வெச்சுக்கிட்டு இந்தப் பக்கத்துலேருந்துதான் போவாரு. அண்ணே, நீங்க மாத்திப் போடணும்னு எவ்வளவோ சொல்லிட்டேன். நீ எப்படிப் போடறியோ அப்படித்தான் போடுவேன், மாத்தினா எனக்கு மறந்துடும்னாரு."

கத்தரி அந்தச் சாய்ந்த தையல்களைப் பார்த்தாள். வண்டியை ரிவர்சிலேயே ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனைப்போல் மனுஷன் வலது கையால் பின்னோக்கித் தைத்திருக்கிறார். தையலில் அவள் படித்ததெல்லாம் சரி. அது இடது கைக்காரியின் வழிதான். தைத்த ஆள்தான் வேறு.

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே" என்றாள்.

புதுசு மேசையைப் பார்த்தாள். "நானும் அதான் சொன்னேன். அக்காகிட்டயே கேக்கலாமேண்ணேன்னு."

"என்ன சொன்னாரு?"

"விடுங்கக்கா."

"சொல்லு."

"அவகிட்ட கேக்கிறதுக்கு கிழிஞ்சதோடயே போயிடலாம்னாரு." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

*

ஒரு பொம்பளை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு நடக்கும்போது நினைத்தாள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் அவளை வெறுக்கலாம், கேலி செய்யலாம். அவள் மூக்கு, அவள் நடை, அவள் கட்டும் துணி என்று பட்டியல் போட்டுப் பொழுதைப் போக்கலாம். ஏமாற்றப்பட்ட மனைவிக்கு ஊரில் ஒரு நாற்காலி உண்டு. உட்கார்ந்தால் நாலு பேர் வந்து உச்சுக்கொட்டுவார்கள். புருஷன் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டதற்கு யார் வந்து உச்சுக்கொட்டுவார்கள்? "அடேயப்பா, கெட்டிக்காரர்" என்றுதான் சொல்வார்கள்.

இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தே பழகிவிட்டது. துணி வந்ததும் அதைத்தான் செய்யவேண்டும்: விரித்துப் பிடித்து, வெளிச்சம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவேண்டும். ஒழுகாத இடத்தை யார் பார்க்கிறார்கள்? நல்ல துணி எதற்கென்றால், ஓட்டைக்குப் பக்கத்தில் ஊசிக்குப் பிடிமானம் கொடுக்க. அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. அவரையும் அப்படித்தான் பிடித்திருக்கிறாள். மகளையும். பிடித்த பிடியில் கை வலித்திருக்க வேண்டும், ஆனால் அதிலே ஒரு சுகம் இருந்தது. அடுத்தவரின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் மேல் வெளிச்சம் விழுவதில்லை.

இப்படி நினைத்தது அவளுக்கே பிடிக்கவில்லை. 'ஆகா, தெருவில் நடந்துகொண்டே பெரிய ஞானம்' என்று தன்னையே ஒரு இடி இடித்தாள். அந்த இடி சுளீர் என்று பட்டது. இவ்வளவு வலிக்குமா இது? மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது இவ்வளவு எடை இருப்பதாகத் தெரியவில்லையே.

கதவைத் திறந்தபோது அவர் சன்னலோரம், மாலை வெளிச்சத்தில், கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் இன்னொரு கால்சட்டை. அவளைக் கண்டதும் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்த பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் அதைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் செருகினார். செருகிய வேகத்தில் "ஆ!" என்று கையை உதறினார்.

"ஊசி குத்துதுல்ல? எடுங்க வெளிய."

"எத?"

"தலகாணிக்குத் தெரியாம அதுக்கு அடியில வெச்சதத்தான்."

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"துணி சொல்லுச்சு."

அவர் கால்சட்டையை மெல்ல வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒட்டு இருந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். காயத்தை மூடுவதுபோல. அதற்குப் பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு, மழைக்கு முன்னாலேயே குடையை விரித்து நிற்கிறவரைப்போல் காத்திருந்தார்.

"சரி, ஆரம்பி" என்றார்.

அவள் நாக்கில் ஏழெட்டுக் குத்தல் பேச்சுகள் வரிசை கட்டி நின்றன, ஒவ்வொன்றும் நல்ல பதமாக. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லிடு. வாய் சொல்லலேன்னாலும் உன் மூக்கு சொல்லுது. ஒரு பக்கமா போகுது பாரு."

"நான் தைச்சுத் தரேன்" என்றாள்.

"வேணாம்."

"ஏங்க?"

"வேணாம்னா வேணாம்." விரலில் ரத்தம் வந்த இடத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவ அக்குள் கிழிஞ்ச சட்டையக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய் தைச்சுக்கிட்டு வந்த. அருமையாத்தான் தைச்சிருந்த, கிழிசலே தெரியல. அதுக்கு அடுத்த நாள் நான் லிப்ட் பாக்க வந்தேன். அந்த அறை வாசலுக்கு நான் போனதும் உள்ள இருந்த அத்தன பேரும் கொல்லுனு சிரிச்சாங்க. மனுஷன் கிழிக்கிற லட்சணத்தப் பாருங்கன்னு என் சட்டைய தூக்கிக் காட்டியிருக்க. அந்த சட்டைய அப்புறம் நான் போட்டுப் பாத்திருக்கியா?"

அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது? அன்றைக்கு யார் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று கணக்கு வைக்க முடியுமா? 'ஒரு சட்டைக்கா இவ்வளவு?' என்று வாய் திறந்தது. திறந்த வாயை மூடினாள். திறந்து மூடியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல, நோய் வந்தா நேரா சுடுகாட்டுக்கே வண்டி பிடிச்சுடுவாங்களா?"

இத்தனை வருஷம் அவளோடு இருந்ததில் அவருக்கும் ஒன்றிரண்டு விஷயம் படிக்கத் தெரியும்.

"நீயும் வரேன்னு சொல்றியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"இல்ல, வரேன்னா..." அவர் கால்சட்டையைப் பார்த்தார். "நீ வந்தா எனக்குக் கை ஓடாது. உண்மையச் சொல்றேன். நீ ரூம்ல இருந்தாலே எனக்கு ஸ்பேனர் கூட நழுவுது. வெளிய நான் இப்படி இல்ல. பத்தாவது மாடியில வெறும் கயித்துல நின்னு வேல பாக்கறவன் நான். இங்க வந்து செருப்பக் கழட்டினதும் ஒண்ணுமே தெரியாதவன் ஆயிடறேன். நாளைக்கு கம்பெனிக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லப் போறேன். தனியாத்தான் சொல்லப் போறேன்."

கோபமாகச் சொன்னாலாவது திருப்பி அடிக்கலாம். பழுதான லிப்ட்டின் குறையை விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை, அழுகிறவர்களைப் பற்றி அவளுக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. மன்னிப்புக் கேட்கலாம். அந்த வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்தாள். அவள் வாயில் அதுகூடக் கேலிபோல்தான் ஒலிக்கும். அவர் நம்ப மாட்டார். சரியாகவும் இருக்கும், நம்பாதது.

மூலையில் கிடந்த மர நாற்காலியை இழுத்தாள். அவர் மறுபடி தோளைக் குறுக்கினார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, திருப்பி, சுவரைப் பார்க்கும்படி போட்டாள். அவருக்கு முதுகைக் காட்டி, சுவருக்கு முகத்தைக் காட்டி, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளையைப்போல் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"உங்களப் பாக்கல. தைங்க."

"பைத்தியமா உனக்கு?"

"தைங்கங்கறேன்ல."

பின்னால் துணி கசங்கும் சத்தம் கேட்டது. ஊசி துணியைத் துளைப்பதும், நூல் அதன் பின்னால் சர்ரென்று இழுபட்டுப் போவதும் கேட்டது. கண்ணால் பார்க்காவிட்டால் தெரியாது என்று அவள் நினைத்தது தப்பு. நூல் போய் முடிகிற நேரத்தை வைத்தே, அவர் முழம் கணக்கில் நூலை வெட்டிக் கோத்திருக்கிறார் என்று தெரிந்தது. இவ்வளவு நீள நூல் சிக்கும். சிக்கியது. அவர் "ஸ்ஸ்" என்றார். அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உடம்பு முழுக்கச் சொறி பிடித்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

வேறு வழியில்லாமல் கண் சுவரை மேய்ந்தது. காரை உதிர்ந்த ஓர் இடத்தில் யாரோ சிமெண்டை அப்பியிருந்தார்கள். சுற்றிலும் உதிரப்போகிற பழைய காரையைச் சுரண்டாமல், மேலோடு மேலாக, கரண்டியின் தடம்கூட அழியாமல். இத்தனை நாள் இதே அறையில் இருந்தும் இதை எப்படிப் பார்க்காமல் விட்டாள்? ஓரம் ஏற்கெனவே தூக்க ஆரம்பித்துவிட்டது. இவனெல்லாம் கொத்தனாரா? இவனுக்கும் ஒரு வீடு, ஒரு சம்பளம்! உள்ளே குமுறியது. குமுறக் குமுற, கழுத்து திரும்பப் பார்ப்பதை மறந்தது. இவ்வளவு இளக்காரத்தையும் இந்தச் சுவர் தாங்கும். சுவருக்குத் தோளைக் குறுக்கத் தெரியாது.

பின்னால் நூல் அறும் சத்தம். பல்லால் கடிக்கிறார். மறுபடி துளைப்பது, மறுபடி இழுபடுவது. கொஞ்சம் சீராக வந்தது.

"அங்க வந்தாலும் இப்படித்தான் உக்காரணும்" என்றார் திடீரென்று.

"எத்தன நாளைக்கு?"

"நான் கத்துக்கிற வரைக்கும்."

இந்த ஜென்மத்தில் கற்றுக்கொள்ள மாட்டார். அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

"அந்த ஊர்ச் சுவரையாவது ஒழுங்கா பூசியிருக்காங்களான்னு நாளைக்கு போன்ல கேட்டு வைங்க" என்றாள்.

"கேக்கறேன். திரும்பாத."